ஒன்றரை டீஸ்பூன் சிங்கிள் மால்ட்

தலைப்பைக் கண்டதும் அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "சங்கப் பத்திரிகையில் மது சமாசாரமா?" என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் தேடவும் கூடும். சற்றுப் பொறுங்கள். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லி இந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. குடிக்காதவர்களுக்கும் இதில் ஒரு செய்முறை உண்டு. அதைச் சொல்லத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன்.

கதை சென்ற டிசம்பரில் தொடங்கியது. பெங்களூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் கிடர்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை எனக்கென்று ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில் கொண்டு வந்திருந்தார். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மறுநாள் மாலை அவர் சமையலறைக்குள் போய் இஞ்சியைத் தட்டினார், எலுமிச்சம்பழம் பிழிந்தார், தேன் பாட்டிலை எடுத்தார். யாருக்கோ ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவர் என் மால்ட்டைத் திறந்தார். எனக்குப் பகீரென்றது.

"மாப்பிள்ளை, அதிலா கலக்கப் போறீங்க?"

"ஆமாம் மாமா. காக்டெயில்."

நான் பேசாமல் இருந்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? ஆனால் மனம் ஆறவில்லை. காரணம், இந்த விஷயத்தில் என் குரு ஒரு வங்காளி ஃபோர்மேன். டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து கரக்பூர் பணிமனைக்கு வந்த புதிதில், பேரிங் பொருத்துவதையும் விஸ்கி குடிப்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். "மால்ட் கிடைத்தால் நாலு சொட்டுத் தண்ணீர். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் பாவம்" என்பார். அவர் காலத்தில் மால்ட் கிடைப்பதே அபூர்வம். முப்பத்தைந்து வருட சர்வீஸில் நானும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

மாப்பிள்ளை ஊருக்குப் போன பிறகு, எஞ்சினீயர் புத்தி சும்மா இருக்குமா? இது பாவமா, வீணா, சரியா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

சிங்கிள் மால்ட் என்பது என்ன?

முளைகட்டிய பார்லியை மட்டுமே மூலப்பொருளாகக் கொண்டு, ஒரே வடிசாலையில் செம்புப் பானையில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்த விஸ்கிதான் சிங்கிள் மால்ட். ஸ்காட்லாந்து சட்டப்படி குறைந்தது 3 ஆண்டுகள் ஊற வேண்டும். பல வடிசாலைகளின் சரக்கைக் கலந்து, மற்றத் தானியங்களில் வடித்ததையும் சேர்த்தால் அது பிளெண்டட் விஸ்கி. நம் நாட்டில் மலிவாக விற்கும் 'விஸ்கி'யில் பெரும்பகுதி கரும்பாலையின் மொலாசஸிலிருந்து வந்த சாராயமே. ஐரோப்பிய நாடுகளில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது.

இந்தியப் பாட்டில்களில் 42.8% என்று அச்சிட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது என்ன அரைகுறை எண்? பழைய பிரிட்டிஷ் அளவில் 'புரூஃப்' என்றால் 57.1 சதவிகித ஆல்கஹால். அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு 42.8. வெள்ளைக்காரன் போன பிறகும் அவனுடைய அளவுகோல் பாட்டிலில் தங்கிவிட்டது. ரயில்வேயில் இப்படித் தங்கிய அளவுகள் எத்தனையோ!

சிங்கிள் மால்ட் என்றால் ஸ்காட்லாந்து என்றிருந்த நிலையை மாற்றியது பெங்களூர். 1948-இல் தொடங்கப்பட்ட அம்ருத் வடிசாலை, 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் வெளியிட்டது. திருநெல்வேலிக்கே அல்வா விற்கப் போன துணிச்சல்! இந்திய பார்லியையும் ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியையும் சேர்த்துச் செய்த 'அம்ருத் ஃபியூஷன்' என்ற சரக்குக்கு, ஜிம் மரே என்னும் ஆங்கிலேய நிபுணர் தம் 2010-ஆம் ஆண்டு விஸ்கிக் கையேட்டில் உலகத்தில் மூன்றாம் இடம் கொடுத்தார். அதன் பிறகு கோவாவிலிருந்து பால் ஜான், உத்தரப் பிரதேசத்திலிருந்து ராம்பூர் என்று பலவும் வெளிநாடு போயின.

விலை ஏன் அதிகம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பீப்பாய்க்குள் இருக்கும் விஸ்கி மரத்தின் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும். இதை 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் இது ஆண்டுக்கு 2 சதவிகிதம் அளவில். பெங்களூரின் வெப்பத்தில் 10 சதவிகிதத்துக்கும் மேல். 200 லிட்டர் ஊற்றி வைத்தால் ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழித்தும் சுமார் 157 லிட்டர் மிஞ்சும். பெங்களூரிலோ 5 ஆண்டிலேயே 118 லிட்டருக்கு இறங்கிவிடும். நம் ஊர் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். ஆனால் அதே வெப்பம்தான் மரத்தின் சாரத்தை வேகமாக இழுத்துச் சரக்கைச் சீக்கிரம் பக்குவமாக்குகிறது.

இவ்வளவு கஷ்டப்பட்டு உருவான ஒன்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிவதா என்பதே ஃபோர்மேனின் கட்சி. நியாயமான கட்சிதான்.

பானகமும் பஞ்சும்

எதிர்க்கட்சிக்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி. சாராயத்தில் பலதும் கலந்து குடிக்கும் பழக்கத்தை வெள்ளைக்காரன் இங்கிருந்து கற்றுக்கொண்டு போனான் என்று சொல்வதுண்டு. 'பஞ்ச்' என்ற பானத்தைப் பற்றி எழுத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, 1632-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஒருவர் எழுதிய கடிதம். ஐந்து பொருள் சேர்வதால் 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா ஆகியவையே அந்த ஐந்து. சிலர் மசாலாவுக்குப் பதில் தேயிலை சேர்த்தார்கள். இந்தக் கல்கத்தாவிலேயே லால்பஜார் பக்கம் மாலுமிகளுக்கென்று 'பஞ்ச் ஹவுஸ்' என்ற கடைகள் இருந்திருக்கின்றன.

அந்த ஐந்தில் சாராயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கு, ஏலக்காய்... ஸ்ரீராமநவமிப் பானகம் வந்துவிட்டதல்லவா? பெருமாள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பொருள்களின் சேர்மானத்தைத்தான் சொல்கிறேன்.

'காக்டெயில்' என்ற சொல்லுக்கு அச்சில் விளக்கம் வந்தது 1806-இல், நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில். மது, சர்க்கரை, தண்ணீர், கசப்பு மருந்துச் சாறு ஆகியவை சேர்ந்தது காக்டெயில் என்று ஆசிரியர் வாசகருக்குப் பதில் எழுதினார். பஞ்சுக்குப் பிறகு ஏறக்குறைய 170 ஆண்டு கழித்து!

இன்னொரு பொருள் பாக்கி. அதுதான் பனிக்கட்டி. இதற்கும் நம் ஊருக்கும் பெரிய சம்பந்தம் உண்டு. ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, ஏரியில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, 1833 மே மாதம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் ஏற்றி அனுப்பினார். இரண்டு முறை பூமத்திய ரேகையைக் கடந்து, நான்கு மாதம் கழித்துக் கப்பல் கல்கத்தா வந்தபோது ஏறக்குறைய 100 டன் கரையாமல் இருந்தது. பலகைச் சுவருக்கு நடுவே மரப்பட்டைத் தூளும் வைக்கோலும் அடைத்ததுதான் இன்சுலேஷன். குளிர்சாதனப் பெட்டிகளின் இன்சுலேஷனோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் அந்த மனிதருக்கு ஒரு சல்யூட்.

சென்னைக்கு வந்த பனிக்கட்டிக்காகக் கட்டியதுதான் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். கல்கத்தாவில் பிறந்த சுவாமிஜி சென்னையில் தங்கிய வீடு, ஒரு காலத்தில் அமெரிக்க ஐஸ் வைத்த கிடங்கு. இந்தத் தகவல் மதுவைத் தொடாதவர்களுக்கும் உதவும்.

மாப்பிள்ளை செய்தது என்ன?

அன்று அவர் செய்த பானத்தின் பெயர் 'பெனிசிலின்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 2005-இல் நியூயார்க்கில் 'மில்க் அண்ட் ஹனி' என்ற பாரில் வேலை பார்த்த சாம் ராஸ் என்பவர் உருவாக்கியது. சாதாரண பிளெண்டட் ஸ்காட்ச் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு, இஞ்சியும் தேனும் சேர்ந்த பாகு ஆகியவற்றைப் பனிக்கட்டியோடு குலுக்கி வடிகட்டுவார்கள். கடைசியில் மேலாக, புகைமணம் வீசும் சிங்கிள் மால்ட்டைச் சுமார் ஏழரை மி.லி. மட்டும் மெதுவாக மிதக்க விடுவார்கள். ஜலதோஷத்துக்கு நம் பாட்டிகள் கொடுத்த இஞ்சி, தேன், எலுமிச்சைதான். அதனால்தான் மருந்தின் பெயர்.

இதில் என் கவனத்தைக் கவர்ந்தது அந்த ஏழரை மி.லி. கணக்கு. ஒன்றரை டீஸ்பூன். மாப்பிள்ளை அடிச்சரக்காக ஊற்றியது என் அலமாரியில் இருந்த சாதாரண விஸ்கி. அவர் கொண்டுவந்த மால்ட்டிலிருந்து எடுத்தது ஒன்றரை டீஸ்பூன் மட்டுமே. நான்தான் அவசரப்பட்டுப் பதறியிருக்கிறேன். 750 மி.லி. பாட்டிலை 60 மி.லி. வீதம் அப்படியே குடித்தால் பன்னிரண்டு கிளாஸ். ஏழரை வீதம் மிதக்க விட்டால் நூறு கிளாஸ். இதில் எது வீண்?

அந்த ஒன்றரை டீஸ்பூன் ஏன் வேலை செய்கிறது? கிளாஸை வாயருகே கொண்டு போகும்போது முதலில் மூக்குத்தான் சந்திக்கிறது. மேலே மிதக்கும் மால்ட்டின் புகைமணம் முதலில் வந்து சேர்கிறது. இஞ்சியும் எலுமிச்சையும் பிறகுதான். ரசத்தில் கடைசியாகத் தாளித்துக் கொட்டுவது போல. பெருங்காயத்தைக் கரண்டி கரண்டியாகப் போட்டால் ரசம் என்ன ஆகும்?

ஃபோர்மேனின் நாலு சொட்டுத் தண்ணீருக்கும் விஞ்ஞானம் உண்டு. 2017-இல் ஸ்வீடன் நாட்டின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் என்ற இருவர் கம்ப்யூட்டரில் இதை ஆராய்ந்தார்கள். விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று குவாயகால். ஆல்கஹால் 45 சதவிகிதம் வரை உள்ள கலவையில் அதன் மூலக்கூறுகள் மேற்பரப்பில் தங்குகின்றன. 59 சதவிகிதத்துக்கு மேல் போனால் உள்ளே அமிழ்ந்துவிடுகின்றன. ஆக, தண்ணீர் சேர்ப்பது மணத்தை வெளியே கொண்டு வரும். ஃபோர்மேனுக்கு இதெல்லாம் தெரியாது. மூக்குக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லா மால்ட்டும் கலக்க ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூ மணமும் பழ மணமும் மெல்லியதாக உள்ள மால்ட்டில் எலுமிச்சை பிழிந்தால், வீணைக் கச்சேரிக்குப் பக்கத்தில் ஷண்டிங் எஞ்சின் ஓடின கதையாகிவிடும். அந்த மால்ட்டைத் தனியாக, தண்ணீரோடு குடிப்பதே மரியாதை. எலுமிச்சைக்கு எதிரே நிற்கக்கூடியது புகைமணம் உள்ளதுதான். ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறிய கனமான ரகம் வெல்லத்தோடும் கசப்போடும் ஒத்துப்போகும். எலுமிச்சைச் சாறு தேவையில்லை, தோலின் மணம் போதும். பாட்டிலில் கால் பாகம் மீந்து, மாதக்கணக்கில் காற்றுப் பட்டு மணம் குன்றிய மால்ட் இருந்தால் அதையும் கலப்புக்கு எடுக்கலாம்.

இங்கே கல்கத்தாவாசிகளுக்கு ஓர் அதிர்ஷ்டம். கந்தராஜ் எலுமிச்சையும், குளிர்காலத்து நோலேன் குட் என்னும் ஈச்ச வெல்லமும் வேறு எங்கே இப்படிக் கிடைக்கும்? கனமான இந்திய மால்ட் 45 மி.லி., நோலேன் குட் பாகு ஒரு டீஸ்பூன், அங்கோஸ்டுரா கசப்பு இரண்டு சொட்டு, பெரிய பனிக்கட்டி ஒன்று. நிதானமாகக் கலக்கி, கந்தராஜ் தோலை மேலே பிழிந்துவிட்டுத் தோலை எறிந்துவிட வேண்டும். உள்ளே போட்டால் கசக்கும். பெங்களூர் மால்ட்டும் வங்காள வெல்லமும் சம்பந்தி ஆகும் இடம் இது.

இனிப்புக்குள் ஒளியும் கணக்கு

இனி எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எஞ்சினீயர் அல்ல.

60 மி.லி. விஸ்கியில் உள்ள சுத்த ஆல்கஹால் 25.7 மி.லி. சாறும் பாகும் சேர்ந்து கலவை 100 மி.லி. என்று வையுங்கள். 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர ஏறக்குறைய 3,000 கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி. ஆக, சுமார் 37 கிராம் பனி உருகித் தண்ணீராகக் கலக்கிறது. கிளாஸில் இப்போது 137 மி.லி. வீரியம் 42.8-லிருந்து 19 சதவிகிதத்துக்கு அருகே இறங்கிவிட்டது. நாக்கு "லேசாகத்தானே இருக்கிறது" என்று சொல்லும். ஆனால் அந்த 25.7 மி.லி. ஆல்கஹாலில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஈரலுக்கு இஞ்சியும் தெரியாது, தேனும் தெரியாது. இப்படி மூன்று கிளாஸ் குடித்தால் 750 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய கால் பாகம் உள்ளே போயிருக்கும். காக்டெயிலின் ஆபத்து இதுதான். தனி மால்ட் தொண்டையில் எரிந்து எச்சரிக்கும். கலப்பு எச்சரிக்காது. சிக்னல் விளக்கை அணைத்துவிட்டு வண்டி ஓட்டுவது போன்றது.

ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் திட்டவட்டமாகக் கூறியது. நான் மாதத்தில் ஓரிரு நாள் ஒரே கிளாஸோடு நிறுத்துகிறேன். அதுவும் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்

அந்தக் கணக்கை நான் காகிதத்தில் மட்டும் படிக்கவில்லை. என்னோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், எனக்கு அடுத்த வருடம் ஓய்வு பெற்றவர், கார்டன் ரீச் பக்கம் இருக்கிறார். ஃபோர்மேனின் இன்னொரு சிஷ்யர். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஆஜராவார். இரண்டு நாற்காலி, இரண்டு கிளாஸ், வேர்க்கடலை, கரக்பூர்க் கதைகள். பல வருடம் இப்படி நடந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு ஈரல் கெட்டது. டாக்டர் ஒரு சொட்டும் கூடாது என்றார். நண்பர் அன்றே நிறுத்தினார். அந்த மன உறுதியை நான் எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் அதோடு ஞாயிற்றுக்கிழமை வருவதையும் நிறுத்திவிட்டார். நானும் கூப்பிடவில்லை. அவர் எதிரே கிளாஸோடு எப்படி உட்காருவது, கிளாஸ் இல்லாமல் என்ன பேசுவது என்ற தயக்கம். கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் சுகம் விசாரித்துக்கொள்வோம். நாற்பது வருட சிநேகம் ஒரு பாட்டிலின் மேல்தான் நின்றுகொண்டிருந்ததோ என்று நினைக்கவே வெட்கமாக இருக்கும்.

மாப்பிள்ளை அன்று மாலை என் மனைவிக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். விஸ்கி இல்லை, அதற்குப் பதில் ஆறின டார்ஜிலிங் டிகாக்ஷன். மற்றதெல்லாம் ஒன்றே. அவள் குடித்துவிட்டு, "பானகத்துக்கு டீ போட்ட மாதிரி நல்லா இருக்கு" என்றாள். நான் மால்ட் கவலையில் இருந்ததால் காதில் வாங்கவில்லை. அவர்கள் ஊருக்குப் போன பிறகு ஒரு சனிக்கிழமை அவளே ஆரம்பித்தாள். "ஏங்க, அந்த இஞ்சி பானத்தைப் பண்ணி உங்க சிநேகிதரைக் கூப்பிட்டா என்ன?"

மூன்று வருடமாக என் எஞ்சினீயர் மூளைக்குத் தோன்றாதது!

செய்முறை இதுதான். ஒரு கைப்பிடி இஞ்சியைத் தட்டி, அரை கப் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியதும் அரை கப் தேன் கலந்துகொள்ளுங்கள். ஒரு கிளாஸுக்கு இந்தப் பாகு 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., ஆறின அடர்த்தியான டிகாக்ஷன் 60 மி.லி. மூடியுள்ள பாத்திரத்தில் பனிக்கட்டியோடு போட்டு, கை சில்லிடும் வரை குலுக்கி, புதுப் பனிக்கட்டி போட்ட கிளாஸில் வடிகட்டுங்கள். கந்தராஜ் தோல் இருந்தால் மேலே பிழியுங்கள். விஸ்கி வேண்டுவோர் டிகாக்ஷன் இருக்கும் இடத்தில் சாதாரண விஸ்கியை ஊற்றி, மேலே ஒன்றரை டீஸ்பூன் மால்ட் விட்டுக்கொள்ளலாம். அந்த ஒன்றரை டீஸ்பூனையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன் செய்தேன். நண்பர் கொஞ்சம் இழுத்தார். பிறகு, "சரி, வரேன்யா" என்றார். ஞாயிறு ஆறு மணிக்கு வந்துவிட்டார். பாட்டிலை உள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். இரண்டு கிளாஸிலும் டிகாக்ஷன்தான். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வேறு வேறாகச் செய்ய மனம் வரவில்லை. அவர் வழக்கம்போல் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார். ஒரு வாய் குடித்தார். ஃபோர்மேன் பேரிங்கைச் சோதிக்கும் முகம்.

"இஞ்சி கொஞ்சம் தூக்கல். அடுத்த வாரம் குறைச்சுப் போடுய்யா" என்றார்.

குறைத்துப் போட்டேன். இப்போதும் வாராவாரம் வருகிறார். மாப்பிள்ளை கொடுத்த பாட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை.